வெளிநாட்டு வாத்தியார் வேலை: கொத்தனாருக்கு இருக்கும் காவல் எம்.எஸ்சி., பி.எட்.டுக்கு இல்லை!

மணியாச்சி:
மதுரைக்கு ஒரு பாதை, நெல்லைக்கு ஒரு பாதை, தூத்துக்குடிக்கு ஒரு பாதை என மூன்றாகப் பிரியும் ஜங்ஷன் மணியாச்சி. 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இந்த ஸ்டேஷனில்தான். அதனால்தான் இது வாஞ்சி மணியாச்சி. சுற்றிலும் கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம். மழை ஏமாற்றினால் போட்ட விதையும் போச்சு.

இந்தக் காட்டில் மழை இல்லாவிட்டாலும் விளைவது பி.எட். பட்டதாரிதான். தீப்பெட்டி ஆபீசுக்குப் போய், ஆடு மேய்த்து, நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை வாத்தியாருக்குப் படிக்க வைத்த வீடுகள் கோவில்பட்டி, கயத்தாறு, கடம்பூர், ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அரசு வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் படிக்க வைத்தார்கள். 2013-ல் டெட் பாஸ் செய்தவர்களிலேயே இன்னும் போஸ்டிங் கிடைக்காதவர்கள் உண்டு. டெட் பாஸ் மட்டும் போதாது, இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018 ஜூலையில் அரசாணை 149 வந்தபோது பலருக்குப் பாதி உயிர் போய்விட்டது. தனியார் பள்ளியில் சேர்ந்தால் சின்ன ஊர் சம்பளம் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம். பஸ்சுக்கும் செல்போனுக்கும் போக மிச்சம் என்ன?

அந்த நேரத்தில்தான் பிட் நோட்டீஸ் கண்ணில் படுகிறது. 'மாலத்தீவு, துபாய், கத்தார்... இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஆசிரியர் வேலை. உடனடி இன்டர்வியூ!'

டீக்கடை கணக்கு

"அண்ணாச்சி, எம்புள்ளைக்கு மாலத்தீவுல வாத்திச்சி வேலை ஆயிட்டு. ஒன்றரை லட்சம் கட்டணுமாம். பாதி பொரட்டிட்டேன், மீதிக்குத்தான் ஒங்ககிட்ட வந்தேன்..."

கரிசல் கிராமத்து டீக்கடைகளில் இந்த மாதிரிப் பேச்சு புதுசு அல்ல. தூத்துக்குடிக்காரர்களுக்கு மாலத்தீவு தூரத்து தேசமும் அல்ல. வெங்காயமும் காய்கறியும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு தோணிகள் அங்கே போவது காலங்காலமாக நடக்கிறது. 2020 செப்டம்பரில் தூத்துக்குடி - கொச்சி - மாலே சரக்குக் கப்பல் போக்குவரத்தும் தொடங்கி வைக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. அங்குள்ள டாக்டர்கள், ஆசிரியர்களில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியர்கள் என்பது நமது வெளியுறவுத்துறையின் கணக்கு. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களும் கேரளாவும்தான் இதில் பெரும் பங்கு. போனவர்களில் வீடு கட்டியவர்கள், தங்கச்சி கல்யாணத்தை முடித்தவர்கள் நிறைய. ஆகவே வேலை பொய் அல்ல. சிக்கல், வேலைக்கும் வாத்தியாருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம்.

அந்த ஆள் பெரும்பாலும் ஒருவர் அல்ல. ஊரில் ஒருத்தர் பிடித்துக் கொடுப்பார். டியூஷன் மாஸ்டராக இருக்கலாம், பிரவுசிங் சென்டர்காரராக இருக்கலாம், ஏற்கனவே அங்கே போய் வந்த வாத்தியாராகவும் இருக்கலாம். அவருக்கு மேலே நாகர்கோவிலிலோ மதுரையிலோ ஒரு ஆபீஸ். அதற்கும் மேலே சென்னையில் ஒன்று. தலைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு படியிலும் கழியும். கடைசிக் கணக்கில் எல்லாம் சேர்ந்து விழுவது அந்தப் பி.எட். தலையில்தான். ரசீது கேட்டால், 'நம்பிக்கை இல்லையா தம்பி?' என்று ஒரு சிரிப்பு.

சட்டம் சொல்லும் தொகை எவ்வளவு?

பதிவு பெற்ற ஏஜென்சி ஒருவரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப வாங்கக்கூடிய அதிகபட்ச சர்வீஸ் சார்ஜ் 30 ஆயிரம் ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35 ஆயிரத்து 400. அதுவும் ரசீது போட்டு வாங்க வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் தேர்வானவர்களிடம் வாங்குவதும் இதே 35 ஆயிரத்து 400 தான். 1978-ல் தொடங்கிய நிறுவனம், கிண்டியில் இருக்கிறது. நம்மூரில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது!

ஒன்றரை லட்சம் கொடுத்தவர் கதையைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் வட்டி மட்டும் 4,500 ரூபாய். இதற்கு நடுவில் இன்னொரு இடி. மாலேயில் உள்ள ஸ்டேட் வங்கி, அங்கே வேலை பார்க்கும் இந்தியர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கான வரம்பை 2025 அக்டோபரில் மாதம் 150 டாலராகக் குறைத்தது. அங்கே டாலர் தட்டுப்பாடு. கையில் சம்பளம் இருக்கும், ஊருக்கு அனுப்ப வழி இருக்காது. 150 டாலர் என்றால் சுமார் 13 ஆயிரம் ரூபாய். அந்த ஒரு வழியை மட்டும் நம்பி, அதில் ஒரு பைசா வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் அப்படியே கடனுக்குக் கட்டினாலும் ஒன்றரை லட்சம் தீர 15 மாதம். அதே ஆள் சட்டப்படி 35 ஆயிரத்து 400 மட்டும் கடன் வாங்கியிருந்தால்? மூன்றே மாதம்.

ஒரு வருஷத்தைத் தின்பது மாலத்தீவு அல்ல, நடுவில் உள்ள ஆள்.

படித்தவனுக்கே பட்டை நாமம்

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வினோதம் இருக்கிறது. பத்தாவது பெயிலான ஒரு கொத்தனார் சவுதிக்கோ குவைத்துக்கோ போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. (சென்னையில் இருந்து மாமல்லபுரம் போகும் ரோடு அல்ல. வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி கட்டாயம் என்பதன் சுருக்கம்.) வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். சம்பளம், முதலாளி பெயர் எல்லாம் இ-மைக்ரேட் கம்ப்யூட்டரில் ஏறும். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். இதெல்லாம் இல்லாமல் ஏர்போர்ட் தாண்ட முடியாது. தாண்ட வைக்கவும் ஏஜெண்டுகள் வழி வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

நம்ம எம்.எஸ்சி., பி.எட். அக்கா? பத்தாவது பாஸ் செய்தாலே இந்த அனுமதி தேவை இல்லை. படித்தவர், தன்னைத்தானே பார்த்துக்கொள்வார் என்பது அரசின் நினைப்பு. அவர் கையில் இருக்கும் ஒப்பந்தத்தை இந்தியாவில் ஒரு அதிகாரியும் பார்ப்பதில்லை. எந்த ஏஜெண்ட் அனுப்பினார், எவ்வளவு வாங்கினார் என்று ஒரு நோட்டிலும் பதிவு இல்லை. மாலத்தீவு அந்த 18 நாடுகள் பட்டியலிலேயே கிடையாது.

நர்ஸ்களுக்கும் ஒரு காலத்தில் இதே நிலைதான். 2015-ல் குவைத் நர்ஸ் வேலை மோசடி கேரளாவில் வெடித்தது. 19 ஆயிரத்து 500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாக வழக்கு. சி.பி.ஐ. இறங்கியது. அந்த வருஷமே, நர்ஸ்கள் எவ்வளவு படித்திருந்தாலும் அந்த 18 நாடுகளுக்குப் போக அரசு அனுமதி கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அரசு நிறுவனங்கள் மூலம்தான் ஆள் எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. நர்ஸ்களுக்குச் சங்கம் இருந்தது, டெல்லி வரை சத்தம் போட்டார்கள். வாத்தியார்கள் தனித்தனியாக ஏமாறுகிறார்கள், வெட்கப்பட்டு வெளியே சொல்வதும் இல்லை. 'ஊருக்கே பாடம் சொல்றவ, நீயா ஏமாந்த?' என்று நாலு பேர் கேட்பார்களே!

1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்திலும் இதே கதை. 'வேலை' என்பதற்கான விளக்கத்தில் டிரைவர், டைப்பிஸ்ட், சேல்ஸ்மேன், நர்ஸ் எல்லாம் பெயர் சொல்லி வருகிறார்கள். ஆசிரியர் என்ற வார்த்தை இல்லை. இதைப் போன்ற மற்ற வேலைகள் என்ற வரிக்குள் நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் யாராக இருந்தாலும் பதிவு வேண்டும் என்றுதான் வெளியுறவுத்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. விளம்பரம் கொடுப்பதே ஆள் எடுப்பதில் சேரும் என்கிறது சட்டம். அப்படிப் பார்த்தால் பிட் நோட்டீசும் அதில் அடக்கம்.

சரி, மீறினால் தண்டனை? இரண்டு வருஷம் வரை ஜெயில், 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டாயிரம்! ஹெல்மெட் போடாமல் பைக்கில் போனாலே இப்போது ஆயிரம் ரூபாய்.

துபாய் என்றால் 'விசிட்'

மாலத்தீவில் வேலை நிஜம், கட்டணம்தான் கொள்ளை. வளைகுடா 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' விஷயத்தில் வேலையே சந்தேகம். 'முதலில் விசிட் விசாவில் போங்க, அங்கே போனதும் மாத்திக்கலாம்' என்று சொன்னால் அங்கேயே உஷார் ஆக வேண்டும். துபாயில் தனியார் பள்ளி ஆசிரியராகச் சேர அங்குள்ள கல்வி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அபுதாபியிலும் அப்படியே. டிகிரி சர்டிபிகேட்டுக்கு இங்கே மாநில அரசு, வெளியுறவுத்துறை, அந்த நாட்டுத் தூதரகம் என வரிசையாக முத்திரை விழ வேண்டும். போலீஸ் நன்னடத்தைச் சான்று வேண்டும். இதெல்லாம் கேட்காமல் ஒருத்தர் டிக்கெட்டை நீட்டினால், அங்கே காத்திருப்பது பள்ளிக்கூடமாக இருக்க வாய்ப்பு குறைவு. 2022 முதல் 'டேட்டா என்ட்ரி', 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று தாய்லாந்து போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கிய கதை ஊருக்கே தெரியும். அவர்களும் படித்தவர்கள்தான்.

இன்னொரு பழக்கம், ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் பாஸ்போர்ட்டையும் ஏஜெண்டே வாங்கி வைத்துக்கொள்வது. வேலை பிடிக்கவில்லை என்று பின்வாங்கினால் அதைக் காட்டியே மிரட்டுவார்கள். 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. நகல் கொடுத்தால் போதும், ஒரிஜினல் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பள்ளிக்கூடமே காசு கொடுக்கும் ஊர்கள்

வெளிநாடு என்றாலே வாத்தியார்தான் காசு கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? அமெரிக்காவில் 1955-ல் தொடங்கி உலகம் முழுக்க இன்டர்நேஷனல் பள்ளிகளுக்கு ஆசிரியர் பிடித்துத் தரும் அமைப்புகூட இருக்கிறது. இந்த மாதிரி அமைப்புகளுக்குப் பெரிய வரும்படி பள்ளிகளிடம் இருந்துதான். 2023-ல் இங்கிலாந்து அரசு, வெளிநாட்டில் இருந்து வரும் இயற்பியல், மொழிப்பாட ஆசிரியர்களுக்குத் தானே 10 ஆயிரம் பவுண்ட் தருவதாக அறிவித்தது. அதே வருஷம் இந்திய ஆசிரியர்களும் அங்குள்ள ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி திறந்தது. தொழிலாளியிடம் ஏஜென்சி காசே வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டது. அதில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் அந்த 35 ஆயிரத்து 400-ம் கிடையாது.

யாரிடம் போவது?

பணம் கொடுக்கும் முன் ஏஜென்சியின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. எண் இருக்கிறதா என்பதோடு விடாமல், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, முகவரி அதுதானா என்றும் பார்க்க வேண்டும். காலாவதியான லைசென்சை பிரேம் போட்டு மாட்டி வைப்பதும், அடுத்தவர் எண்ணைத் தன் நோட்டீசில் அச்சடிப்பதும் இந்தத் தொழிலில் சகஜம். ஊரில் இருக்கும் 'சப்-ஏஜெண்டு'க்குத் தனி லைசென்ஸ் என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. காசை அவர் கையில் கொடுக்காமல் ஏஜென்சி பெயரில் வங்கி வழியாகக் கட்டினால், நாளைக்குக் கேட்க ஒரு துண்டுச் சீட்டாவது மிஞ்சும்.

ஏற்கனவே ஏமாந்தவர்களுக்கும் ஒரு விஷயம். குடிபெயர்வுச் சட்டத்தில் வழக்குப் போட பொதுவாக மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அதைச் சொல்லியே பல புகார்கள் ஓரம் கட்டப்படுகின்றன. ஆனால் பாதிக்கப்பட்டவரோ, அவருடைய அப்பா, அம்மா, கணவன், மனைவி, கூடப் பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையே இல்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கூடவே மோசடிப் பிரிவிலும் வழக்குப் பதியலாம். உள்ளூர் ஸ்டேஷனில் வாங்கவில்லை என்றால் மணியாச்சி டி.எஸ்.பி. ஆபீஸ், அதற்கு மேல் தூத்துக்குடி எஸ்.பி. ஆபீஸ். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவோடு, பணம் கொடுத்த தேதி, வாட்ஸ்அப் பேச்சு, ஆடியோ, அந்தப் பிட் நோட்டீஸ் எல்லாவற்றையும் நகல் எடுத்துச் சேர்க்க வேண்டும்.