அர்செனல் டிக்கெட் கிடைக்காதவன் சொல்வது

அர்செனல் டிக்கெட் கிடைக்காததால்தான் ஈஸ்ட் டல்விச்சுக்கு ரயில் ஏறினேன், ஒத்துக்கொள்கிறேன். செயின்ஸ்பரிஸ் கடைக்குப் பக்கத்திலேயே சாம்பியன் ஹில் மைதானம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தென் கொரியாவும் மெக்சிகோவும் மோதிய இடம். இப்போது டல்விச் ஹேம்லெட்டின் வீடு. 1893-ல் ஆரம்பித்த கிளப், பிங்க்கும் நீலமும் கலந்த ஜெர்சி.

இங்கிலாந்தில் முதல் நாலு டிவிஷனுக்குக் கீழே உள்ளதெல்லாம் 'நான்-லீக்'. சீட் நம்பர் தேட வேண்டாம், கம்பியில் சாய்ந்து நிற்கலாம். இடைவேளையில் மொத்தக் கூட்டமும் நம்ம டீம் கோல் அடிக்கப்போகும் பக்கத்துக்கு நடக்கிறது. கோல்கீப்பர் திட்டுவது அப்படியே காதில் விழுகிறது (அகராதியில் இல்லாத ஆங்கிலம் நிறையக் கற்றேன்!).

"இதுக்கு டிவியில பிரீமியர் லீக் பார்க்கலாமேடா" என்கிறான் ரூம்மேட். பாருங்க, அர்செனலுக்கு நான் போகாவிட்டால் அந்த சீட்டுக்கு வரிசையில் ஆயிரம் பேர். இங்கே அப்படியில்லை. 2018 மார்ச்சில், நிலத்தை வைத்திருந்த ரியல் எஸ்டேட் கம்பெனி கிளப்பை வெளியே தள்ளியது. கிளப் பெயரையே டிரேட்மார்க்கும் செய்திருந்தார்கள்! வணிகவியல் படிக்கிறவனுக்கு அவர்கள் கணக்கு புரியாமல் இல்லை. லண்டனில் புல்லைவிட ஃபிளாட்டுக்குத்தான் விலை. ஆனால் இரவல் மைதானத்துக்கும் டிக்கெட் வாங்கிப் போன ரசிகர்களை அவர்கள் எந்தப் பத்தியில் எழுதினார்களோ தெரியவில்லை. அதே மே மாதம் டீம் மேல் டிவிஷனுக்கு ஏறியது, டிசம்பரில் வீடு திரும்பியது.

அடுத்த சனிக்கிழமையும் போகிறேன். ரூம்மேட் வருகிறேன் என்றிருக்கிறான், மழை பெய்யாவிட்டால்.