விற்க மனமில்லாத கடை

வியாபாரிகளில் எத்தனையோ ரகம் உண்டு. முற்றின கத்தரிக்காயைப் பிஞ்சு என்று சாதிக்கிறவர் உண்டு. நூல் புடவையைப் பட்டென்று தலையில் கட்டுகிறவர் உண்டு. ஆனால் தம் கடைச் சரக்கைத் தாமே பழிக்கும் வியாபாரியைப் பார்க்க வேண்டுமானால் மோட்டார்க் கடைக்குத்தான் போக வேண்டும். போய், மின்சார வண்டி என்ன விலை என்று கேட்க வேண்டும்.

சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பரின் பிள்ளையோடு அப்படி ஒரு கடைக்குப் போனேன். சோழிங்கநல்லூரிலிருந்து தினம் போய் வருகிறவன். போகவர முப்பது கிலோமீட்டர்கூட ஆகாது. அவனுக்கு நேர்ந்த உபசாரத்தைக் கேளுங்கள்.

"ஓட்டிப் பார்க்க வண்டி இருக்கிறதா?"

"இருக்கிறது ஸார். சார்ஜ்தான் இல்லை."

பிறகு உபதேசம் தொடங்கிற்று. பாட்டரி போனால் பாதி விலை போச்சு. மழை பெய்தால் பழைய மகாபலிபுரம் ரோடில் தண்ணீர் நிற்குமே, மின்சாரமாயிற்றே! பெட்ரோல் வண்டி என்றால் இந்த வாரமே டெலிவரி. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய பெட்ரோல் வண்டிகளெல்லாம் நீந்திக் கரையேறினவா என்று கேட்க நாக்குத் துடித்தது. பையன் கையைப் பிடித்து அமுக்கிவிட்டான்.

அடுக்குமாடி வீட்டில் சார்ஜ் போட வசதியுண்டா என்று மட்டும் அந்த மனிதர் கேட்கவே இல்லை. நாவலூரிலும் கேளம்பாக்கத்திலும் குடியிருப்போருக்கு உள்ள மெய்யான கஷ்டம் அதுதான்!

இந்தத் தயக்கத்தின் காரணம் ரகசியமல்ல. புது வண்டி விற்பதில் கடைக்காரருக்குக் கிடைப்பது சொற்பம். இன்ஷ்யூரன்ஸ், கடன் கமிஷன் எல்லாம் எந்த வண்டிக்கும் உண்டு. உண்மையான வரும்படி பின்கட்டில், பட்டறையில் இருக்கிறது. என்ஜின் ஆயில், ஆயில் பில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் என்று வருஷா வருஷம் காசு பிறக்கும் இடம் அது. மின்சார வண்டியில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. தாம் பால் கறக்கும் பசுவை விட்டுவிட்டு மலட்டு மாட்டைக் கட்டச் சொன்னால் யாருக்குத்தான் சம்மதமாகும்?

தயக்கம் கடையோடு நின்றால் நானும் சும்மா இருப்பேன். அது சட்டசபை வரை போகிறது. அமெரிக்காவில் ஃபோர்டு போன்ற ராட்சதக் கம்பெனிகள் தங்களை நசுக்குவதாக ஊர் ஏஜெண்டுகள் முறையிட்டார்கள். நியாயமான முறையீடுதான், 1956-ல் அவர்களுக்காக மத்தியச் சட்டமே வந்தது. மாகாணங்களும் தனித்தனியே சட்டம் செய்தன. அன்று கேடயமாக வந்தது பிற்பாடு மதிற்சுவராயிற்று. டெஸ்லா கம்பெனி 2022-ல் டெக்ஸாஸ் மாகாணத்தில் தொழிற்சாலை திறந்தது. அங்கே செய்த வண்டியை அங்கேயே இருக்கிறவருக்கு நேரே விற்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வெளி மாகாண விற்பனை என்று காகிதம் ஜோடிக்க வேண்டியிருந்தது! 2023 நவம்பரில் மூவாயிரத்துக்கும் அதிகமான மோட்டார் வியாபாரிகள் கையெழுத்திட்டு, மின்சார வண்டி விஷயத்தில் வேகத்தைக் குறையுங்கள் என்று ஜனாதிபதி பைடனுக்குக் கடிதம் எழுதினார்கள்.

நம் நாட்டில் இந்த வித்தையைப் பெரிய முதலாளிகளே செய்துகொள்கிறார்கள். 150 சி.சி.க்கு உட்பட்ட இருசக்கர வண்டிகளெல்லாம் 2025-க்குள் மின்சாரமாக வேண்டும் என்று 2019-ல் நிதி ஆயோக் யோசனை சொன்னது. பஜாஜ், ஹீரோ, டி.வி.எஸ். மூன்றும் ஆட்சேபித்தன. யோசனை சட்டமாகவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், முடியாது என்று சொன்னவர்களில் இருவர் 2020 ஜனவரியிலேயே சேதக், ஐக்யூப் என்று மின்சார ஸ்கூட்டர்களை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நம் ஊர் விற்பனையாளருக்கும் குறை உண்டு. அதை மறைப்பது தர்மமாகாது. 2021 செப்டம்பரில், செங்கற்பட்டுக்குப் பக்கத்திலே மறைமலை நகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 170 விற்பனையாளர்கள், அவர்கள் போட்ட 2,000 கோடி ரூபாய், நாற்பதாயிரம் ஊழியர் என்று விற்பனையாளர் கூட்டமைப்பு கணக்குச் சொல்லிக் கதறியது. கட்டின கடையும் வாங்கின கடனும் அவர்கள் தலையில். ஏஜெண்டே இல்லாமல் நேரே விற்றால் எல்லாம் சுகம் என்றும் சொல்வதற்கில்லை. கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஸ்கூட்டர் செய்து தானே விற்ற ஓலாவுக்கு, பத்தாயிரத்துக்கு மேல் புகார்கள் குவிந்து, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நோட்டீஸ் போயிற்று. வண்டி நின்றுபோனால் போய்ச் சண்டை பிடிக்க ஒரு கடை வேண்டாமா?

ஆகவே விற்பனையாளர்கள் கேட்டுவரும் பாதுகாப்புச் சட்டத்தைக் கொடுக்கட்டும். கம்பெனி ஓடிப்போனால் நஷ்ட ஈடு, கண்டிப்பாக. ஆனால் கடை வாசல் வழியாக வராத வண்டி தெருவில் ஓடக்கூடாது என்கிற டெக்ஸாஸ் ஷரத்து மட்டும் அதில் ஓசைப்படாமல் நுழையக் கூடாது. மசோதா வருகிற அன்று சிறுசேரிக்காரர்கள் காஞ்சிபுரம் தொகுதி எம்.பி.க்கு ஆளுக்கொரு கார்டு எழுதிப் போடலாம். கடைக்காரர்கள் தந்தியே அடித்திருப்பார்கள். ஆனால் அதைத்தான் 2013-லேயே எடுத்துவிட்டார்களே!