தோட்ட மருந்தகம் யாருடைய பொறுப்பு?

தோட்டங்களுக்கெனத் தனி வைத்திய வசதி இருக்கின்றதே, அரசு ஏன் மேலும் செலவிட வேண்டும் எனக் கேட்போர் நம் விரிவுரை மண்டபங்களிலும் உளர். அவ்வசதியின் பிறப்பை அவர்கள் அறிதல் நன்று. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் நோயைத் தோட்டத் துரையின் பொறுப்பில் விட்டது. அது உரிமையன்று, கொழுந்து பறிக்கும் கையைக் காக்கும் ஏற்பாடு.

நோட்டன் பிரிட்ஜில் ஆற்றை மறித்தெடுத்த நீரால் பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. மறு ஆண்டே அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாயிற்று. மலையின் நீர் நாட்டின் பொதுச் சொத்து. மலையில் உழைப்போரின் நோயோ தோட்டத்தின் தனிக்கணக்கு! 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்திருந்தமையால் தட்டிக்கேட்கவும் வழியில்லை.

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றபோது, தேயிலை உலர்த்தும் எந்திரத்தோடு மருந்தகமும் கைமாறிற்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் தொடங்கியது, இன்னும் முற்றுப்பெறவில்லை. பல மருந்தகங்களில் இன்றும் இருப்பவர் கம்பனியிடம் சம்பளம் பெறும் வைத்திய உதவியாளரே. நோயாளிக்கு ஓய்வு வேண்டுமென எழுத வேண்டிய கைக்குக் கூலி கொடுப்பவர், அன்றைய கொழுந்தின் நிறையை எண்ணுபவர். இதனினும் முரண்பட்ட நிர்வாகம் உண்டோ?

இந்திய உதவியுடன் கட்டப்பட்ட டிக்கோயா வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது, மகிழ்ச்சியே. எனினும் அம்புலன்ஸ் ஏறமாட்டாத தோட்டப் பாதைகளில் பிரசவ வலி கண்டவளுக்குத் தோட்ட லொறியே கதி. அதனை விடும் அதிகாரம் துரையிடம். மருந்தகங்களையும் ஊழியரையும் சுகாதார அமைச்சின் வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்து, கம்பனிகளின் பங்கைத் தீர்வையாக அறவிட வேண்டும். வெள்ளையர் ஆட்சியே வைத்தியச் செலவுக்கெனத் தோட்டங்களிடம் தீர்வை பெற்றது. சுதந்திர நாட்டுக்கு அது இயலாதா?