கணவாய் நரம்பும் ஆச்சியின் கேள்வியும்

தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஊர் ஆழ்வார்திருநகரி. குருகூர் என்பது பழைய பெயர். அங்கே ஆதிநாதர் கோயிலுக்குள் ஒரு புளியமரம் நிற்கிறது. "உறங்காப்புளி" என்று அதைச் சொல்வார்கள். மற்றப் புளியமரங்கள் இரவில் இலைகளை மூடிக்கொள்ளும். இந்த மரம் மூடுவதில்லை என்பது ஊராரின் நம்பிக்கை.

அந்த மரத்தின் அடியில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் வாய் பேசாமல் அமர்ந்திருந்தாராம். மதுரகவியார் அவரைத் தேடி வந்தார். ஒரு கல்லை எடுத்துப் போட்டார். சத்தம் கேட்டு ஆழ்வார் கண் விழித்தார். பிறகு மதுரகவியார் ஒரு கேள்வி கேட்டார். அதற்குத்தான் ஆழ்வார் வாய் திறந்து பதில் சொன்னார்.

கல், கண்ணைத் திறந்தது. கேள்வி, வாயைத் திறந்தது.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் இன்றைய விஞ்ஞானப் படிப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. எப்படி என்று கேட்கிறீர்களா?

கணினிக்குள் ஒரு கணவாய்

இதே ஆழ்வார்திருநகரியில் ஒரு வீடு. அங்கே கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரவு நேரம். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ தட்டுகிறாள். திரையில் ஒரு கோடு விர்ரென்று மேலே ஏறுகிறது. அதே வேகத்தில் கீழே இறங்குகிறது. பக்கத்தில் அவளுடைய ஆச்சி வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏட்டி, பாடம் படிக்காம அதுல என்ன கோலம் போடுத?"

"கோலம் இல்ல ஆச்சி. இது கணவாய் மீனோட நரம்பு!"

"கணவாயா? தூத்துக்குடியில இருந்து கொண்டு வருவானே, அந்தக் கணவாயா?"

"அதே இனந்தான் ஆச்சி. அதோட நரம்புல உப்பு உள்ளே போகும், வெளியே வரும். அப்போ மின்சாரம் ஓடும். அதைக் கணக்குப் போட்டு இந்தப் பெட்டி காட்டுது."

ஆச்சி கொஞ்ச நேரம் திரையைப் பார்க்கிறாள். பிறகு கேட்கிறாள்:

"சரி, உப்பைக் கொறைச்சா என்னாகும்?"

பேத்தி விழிக்கிறாள். அந்தக் கோட்டை அவள் பத்துத் தடவை வரவழைத்துவிட்டாள். படத்தை நோட்டுப் புத்தகத்திலும் ஒட்டியாகிவிட்டது. ஆனால் உப்பைக் குறைத்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட அவள் கேட்டுப் பார்க்கவில்லை!

இந்தப் பெண்ணும் ஆச்சியும் கற்பனை. ஆனால் அந்த மீன், அந்த நரம்பு, அந்தக் கணினி வேலை மூன்றும் நிஜம்.

நரம்பில் இருக்கும் மடைகள்

நரம்பு எப்படி வேலை செய்கிறது? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. மடையைத் திறந்தால் வயலுக்குள் பாய்கிறது. மூடினால் நிற்கிறது. நரம்பின் மேல்தோலிலும் இதுபோலக் கண்ணுக்குத் தெரியாத மடைகள் உண்டு. ஒரு வகை மடை சோடியத்தை உள்ளே விடும். சோடியம் நம் சமையல் உப்பில் இருப்பது. இன்னொரு வகை மடை பொட்டாசியத்தை வெளியே விடும். பொட்டாசியம் இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருப்பது.

சோடிய மடை திறந்ததும் மின்சாரம் குபீரென்று ஏறுகிறது. பொட்டாசிய மடை திறந்ததும் இறங்குகிறது. எல்லாம் ஒரு வினாடியை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒன்றிரண்டு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். இந்த மின்சாரம் மிகச் சிறியது. டார்ச் விளக்குக்குப் போடும் ஒரு கட்டையின் சக்தி 1.5 வோல்ட். நரம்பின் துடிப்பு அதில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்தச் சின்னத் துடிப்பினால்தான் நாம் பார்க்கிறோம், கேட்கிறோம், கையை அசைக்கிறோம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கக் கணவாய் எதற்கு? மனித நரம்பிழை தலைமுடியைவிட மெல்லியது. கணவாயின் உடலில் ஒரு பெரிய நரம்பிழை இருக்கிறது. அதன் தடிப்பு அரை மில்லிமீட்டருக்கு மேலும் இருக்கும். அதற்குள் மெல்லிய கம்பியையே நுழைத்து விடலாம்!

மூன்று வாரம் கைப்பிடி சுற்றியவர்

1939-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிளிமத் கடற்கரையில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இருவர் அதைத்தான் செய்தார்கள். நரம்பிழைக்குள் இருந்தே அதன் துடிப்பை அளந்தார்கள். உடனே உலக யுத்தம் வந்தது. ஆராய்ச்சி நின்றது.

யுத்தம் முடிந்தது. 1949-இல் ஹாட்ஜ்கினும் பெர்னார்டு காட்ஸ் என்பவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நரம்பைச் சுற்றி இருந்த கடல்நீரில் உப்பில்லாத சர்க்கரைக் கரைசலைக் கலந்தார்கள். வெளியே சோடியம் குறைந்தது. துடிப்பின் உயரமும் குறைந்தது!

கவனித்தீர்களா? "உப்பைக் கொறைச்சா என்னாகும்?" என்று ஆச்சி கேட்டாளே, அதே கேள்விதான். அந்தக் கேள்வியிலிருந்துதான் நரம்பின் ரகசியம் வெளியே வந்தது.

1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் எல்லாவற்றையும் கணக்காக எழுதினார்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கேம்பிரிட்ஜில் இருந்த கணினி அப்போது கிடைக்கவில்லை. ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். நரம்பு வழியே ஓடும் ஒரே ஒரு துடிப்பைக் கணக்கிட அவருக்கு ஏறக்குறைய மூன்று வாரம் பிடித்தது. துடிப்பு வினாடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் ஓடும் என்று கணக்கு சொன்னது. உண்மையான நரம்பில் அளந்தபோது 21.2 மீட்டர். காகிதத்தில் போட்ட கணக்கு நிஜத்துக்கு அவ்வளவு அருகில் வந்தது! 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஜான் எக்கிள்ஸ் என்பவரும் அவர்களோடு பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அன்று மூன்று வாரம் பிடித்த கணக்கு, இன்று மடிக்கணினியில் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது.

பெங்களூருவில் செய்த "ஜாங்கிரி"

அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் மென்பொருள்களில் ஒன்று நம் நாட்டிலேயே உருவானது. அதன் பெயர் "மூஸ்". பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பேராசிரியர் உபிந்தர் பல்லாவும் அவருடைய குழுவினரும் அதை உருவாக்கினார்கள். பல்லா இதற்கு முன் அமெரிக்காவில் படித்தபோது "ஜெனிசிஸ்" என்ற நரம்பு மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர்.

மூஸின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் இந்தியத் தின்பண்டத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு "சம்சம்". இன்னொன்றுக்கு "ஜிலேபி". அடுத்ததற்கு "ஜாங்கிரி"! விலை எவ்வளவு? காலணா கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

அதோடு எடுத்துக்காட்டு நிரல்களும் வருகின்றன. நிரல் என்றால் கணினிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் வரிசை. சமையல் குறிப்பு போல. கணவாய் நரம்புக்கு ஒரு குறிப்பு தயாராக இருக்கிறது. செல்லுக்குள் நடக்கும் ரசாயன மாற்றங்களுக்கும் பல குறிப்புகள் உண்டு.

ரசாயனத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? 50 வருஷத்துக்கு முன் நடந்த கல்யாணம் ஆச்சிக்கு நினைவிருக்கிறது. ஆனால் அன்று அவள் மூளையில் இருந்த ரசாயனப் பொருள்களில் பெரும்பாலானவை எப்போதோ அழிந்து புதிதாக வந்துவிட்டன. பிறகு நினைவு எப்படி நிற்கிறது?

1999-இல் பல்லாவும் ரவி ஐயங்காரும் இதற்கு ஒரு வழி இருக்கலாம் என்று கணினிக் கணக்கால் காட்டினார்கள். ஒரு பொருள் இன்னொன்றைத் தூண்டும். அது திரும்பவும் முதல் பொருளைத் தூண்டும். ஒரு முறை ஏற்றிவிட்டால் போதும், தூண்டுதல் நின்ற பிறகும் அந்த வட்டம் அணையாமல் நிற்கும். ஒரு விளக்கு அணையும் முன் அதிலிருந்து அடுத்த விளக்கை ஏற்றுவது போல. எண்ணெயும் திரியும் புதிது, சுடர் மட்டும் தொடர்கிறது. இந்த மாதிரி வட்டங்களும் மூஸின் எடுத்துக்காட்டுகளில் இருக்கின்றன.

ஏட்டுச் சுரைக்காய்

இவ்வளவு இருந்தும் குறை எங்கே?

பல பிள்ளைகள் எடுத்துக்காட்டு நிரலை ஓட்டுகிறார்கள். படம் வருகிறது. படத்தை ஒட்டுகிறார்கள். மதிப்பெண் வாங்குகிறார்கள். கதை முடிந்தது! இது கல்லை மட்டும் போட்டுவிட்டு, கேள்வி கேட்காமல் திரும்பி வந்தது போல. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கணினித் திரையில் வந்த கணவாயும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. முதலில் நிரலை இருந்தபடியே ஓட்ட வேண்டும். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும். ஆனால் ஓட்டுவதற்கு முன்னால், "இப்படித்தான் ஆகும்" என்று தன் ஊகத்தைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். அதன் பிறகே ஓட்ட வேண்டும். ஊகம் பலித்தால் சந்தோஷம். பலிக்காவிட்டால் அதைவிடச் சந்தோஷம்! அங்கேதான் படிப்பு ஆரம்பமாகிறது.

ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் போட்ட கணக்கில் சோடிய மடைக்கு 120 என்று ஓர் எண் உண்டு. அதைப் பூஜ்யமாக்கினால் என்ன ஆகும்? துடிப்பே வராது. பல் பிடுங்கும் முன் டாக்டர் மரத்துப்போகும் ஊசி போடுகிறாரே, அந்த மருந்து செய்வதும் இதுதான். சோடிய மடையை அடைத்துவிடுகிறது. வலி என்ற செய்தி மூளைக்குப் போவதில்லை. ஒரு எண்ணை மாற்றிய பெண்ணுக்குப் பல் டாக்டரின் ஊசி புரிந்துவிடுகிறது!

ஒரு எச்சரிக்கையும் தேவை. கணினி சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. நாம் கொடுத்த எண்ணுக்குத்தான் அது விடை சொல்லும். தப்பான எண் கொடுத்தாலும் அழகான கோடு வரைந்து காட்டும். 18.8-க்கும் 21.2-க்கும் நடுவே இருந்த இடைவெளியை மறக்கக் கூடாது. கடைசித் தீர்ப்பு எப்போதும் இயற்கையுடையது. கணக்கு நல்ல வழிகாட்டி, அவ்வளவுதான்.

யார் என்ன செய்ய வேண்டும்?

நரம்பை அளக்கும் ஓர் ஆராய்ச்சிச் சாலை அமைக்க ஏராளமாகப் பணம் வேண்டும். சின்ன ஊர்க் கல்லூரிகளுக்கு அது எட்டாக் கனி. அதனால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் இத்தனை காலமும் நரம்பைப் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்தார்கள். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எத்தனையோ வீடுகளுக்குக் கணினி வந்தது. அது சினிமா பார்க்கவும் கடிதம் தட்டவும் மட்டுமா? அதற்குள் ஓர் ஆராய்ச்சிச் சாலையையே வைக்கலாமே!

கல்லூரிகளும் மேல்நிலைப் பள்ளிகளும் இத்தகைய இலவச மென்பொருள்களைத் தங்கள் கணினி அறையில் போட்டு வைக்க வேண்டும். அவற்றின் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் ஒரு சிறு கையேடு வந்தால் எத்தனையோ பிள்ளைகள் தைரியமாகத் தொடுவார்கள். ஆசிரியர்கள் படத்துக்கு மட்டும் மதிப்பெண் போடாமல், மாணவர் கேட்ட கேள்விக்கும் எழுதி வைத்த ஊகத்துக்கும் மதிப்பெண் போட வேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்? "நமக்கென்ன தெரியும், ஏதோ பெரிய படிப்பு" என்று ஒதுங்க வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். "இது என்ன?" என்று கேளுங்கள். "இதைக் கூட்டினால்? அதைக் குறைத்தால்?" என்று கேளுங்கள். கேள்வி கேட்கப் பட்டம் வேண்டாம். அடுப்படியில் உப்பையும் புளியையும் கூட்டிக் குறைத்து ஆயுள் முழுவதும் சோதனை செய்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அவர்களைவிட நன்றாக யார் கேட்பார்கள்?

அந்தப் பேத்தி வெளி உப்பின் எண்ணைப் பாதியாக்குகிறாள். "கோடு குட்டையாகும்" என்று காகிதத்தில் எழுதி வைக்கிறாள். பிறகு பொத்தானைத் தட்டுகிறாள். கோடு எழுகிறது. ஆனால் பழைய உயரம் இல்லை!

"ஆச்சி, நீ கேட்டது சரிதான். குட்டையாயிட்டு!"

ஆச்சி வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்கிறாள்.

"உப்பில்லாட்டி எதுதான் எழும்பும்? சரி, இப்போ கூட்டிப் பாரு."