லவுஞ்சில் சாப்பிட்ட பூரிக்கு காசு கொடுத்தது யார்?

ஏர்போர்ட் லவுஞ்ச் பற்றி கொஞ்சம் பேசுவோம் நண்பர்களே. நீளமான பதிவுதான். பொறுமையா வாசிங்க.

செக்யூரிட்டி செக் முடித்து உள்ளே போனால் ஒரு கண்ணாடிக் கதவு, வாசலில் ஒரு கவுன்ட்டர். கிரெடிட் கார்டையும் போர்டிங் பாஸையும் நீட்டினால், பெரும்பாலும் 2 ரூபாய் மட்டும் கழித்துக்கொண்டு உள்ளே விடுவார்கள். சோபா, ஏசி, சுத்தமான கழிவறை, பஃபே சாப்பாடு, காபி மெஷின், போனுக்கு சார்ஜ் போட பிளக் பாயின்ட்.

வெளியே அதே டெர்மினலில் ஒரு தோசையும் காபியும் சாப்பிட்டால் ஐந்நூறு ரூபாய் நோட்டை மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே 2 ரூபாய். சந்தோஷப்படுவது இயல்புதான்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் இதைப் பற்றி ஏன் எழுதணும்னு கேட்கலாம். இரண்டு காரணம். ஒன்று, பிளைட் ஏறுவதற்கு முன்னால் அங்கே நாம் சாப்பிடும் விதம். இன்னொன்று, "லவுஞ்ச் ஃப்ரீன்னு சொன்னாங்க, அதான் கார்டு எடுத்தேன்ணா" என்று ஆரம்பிக்கும் கதைகளை டியூட்டி ரூமில் அடிக்கடி கேட்கிறேன். அந்தக் கதைகள் பெரும்பாலும் நல்லபடியா முடிவதில்லை.

முதலில் ஒரு தெளிவு. அந்த 2 ரூபாய் சாப்பாட்டின் விலை இல்லை. உங்கள் கார்டு செல்லுமா, அதில் லவுஞ்ச் வசதி இருக்கிறதா என்று சோதிக்கத்தான் அது. நீங்கள் உள்ளே போகும் ஒவ்வொரு தடவைக்கும் லவுஞ்ச் நடத்துபவருக்கு கார்டு தரப்பிலிருந்து தனியாகப் பணம் போகிறது.

வங்கிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருது? முக்கியமா மூன்று வழி.

1) நீங்கள் கட்டும் ஆண்டுக் கட்டணம்.

2) நீங்கள் கார்டு தேய்க்கும் கடைக்காரர் கொடுக்கும் கமிஷன். அதை அவர் பொருளின் விலையில்தான் ஏற்றி வைப்பார். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவரும் அதே விலையைத்தான் கொடுக்கிறார்.

3) பில்லை முழுசா கட்ட முடியாதவர்கள் கொடுக்கும் வட்டி, அபராதம்.

இந்த மூன்றாவதைத்தான் நாம் யாரும் பேசுவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. கார்டில் 1 லட்சம் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 3,500 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 630 ரூபாய். ஆக 4,130. நீங்கள் அந்த மாதம் 5,000 கட்டினால், அசலில் கழிவது வெறும் 870 ரூபாய். வருஷக் கணக்கில் இது 42 சதவீத வட்டி.

இதோடு முடியவில்லை. பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்று வாங்கிய பால் பாக்கெட்டுக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும்.

சட்டம் காப்பாற்றாதா? கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகமுறை என்று 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இப்போதைக்கு நம் பர்ஸுக்கு நாம்தான் காவல்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி. அரசு வேலை கிடைத்த முதல் வருஷமே பிரீமியம் கார்டு வாங்கினான். அக்கா கல்யாணத்துக்கு நகைக்கடையில் அதைத் தேய்த்தான். "மினிமம் டியூ கட்டிட்டு இருந்தா போதும்ணா, சிபில் அடிபடாது" என்பான். 14 மாதம் அப்படியே கட்டியிருக்கிறான். ஒரு நைட் டியூட்டியில் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் எடுத்து வைத்து இருவரும் பார்த்தோம். மாசாமாசம் பணம் போயிருக்கு. கடன் மட்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்குது.

அந்த 14 மாதத்தில் அவன் லவுஞ்சுக்குப் போனது ஒரே ஒரு தடவை.

சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே பர்சனல் லோன் போட்டு, கார்டு பாக்கி மொத்தத்தையும் அடைக்கச் சொன்னேன். இப்போ மூன்றில் ஒரு பங்கு வட்டிதான் கட்டுகிறான். கடன் எந்த மாதம் முடியும்னும் அவனுக்குத் தெரியும்.

இப்போ யோசிங்க. நானும் உங்களில் பலரும் மாசாமாசம் முழு பில்லையும் கட்டிவிடுகிறோம். ஒரு ரூபாய் வட்டி கொடுப்பதில்லை. லவுஞ்சில் உட்கார்ந்து பூரி சாப்பிட்டு கேசரியும் வைத்துக்கொள்கிறோம். அந்தத் தட்டுக்கு ஆன செலவில் ஒரு பங்கு இந்தத் தம்பி கட்டிய வட்டி. கொஞ்சம் கசப்பா இருந்தாலும் உண்மை அதுதான்.

அடுத்து, செலவு இலக்கு. கூட்டம் அதிகமானதும் வங்கிகள் லவுஞ்சுக்கு நிபந்தனை போட ஆரம்பித்தன. எச்டிஎஃப்சி ரெகாலியா கார்டில் 2023 டிசம்பரிலிருந்து காலாண்டுக்கு 1 லட்சம் செலவு செய்தால்தான் லவுஞ்ச் என்று மாற்றினார்கள். ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில் பல கார்டுகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 செலவு வேண்டும் என்றது. பிறகு அந்தத் தொகையையும் ஏற்றினார்கள்.

இலக்குக்கு ஏழாயிரம் குறைகிறது என்று தேவையில்லாத ஒரு ஷூ வாங்கினால், உங்கள் பூரியின் விலை 2 ரூபாய் இல்லை. 7,002 ரூபாய்.

இன்னொரு விஷயமும் சொல்லியாகணும். ரேஷன் அரிசி, இலவச பஸ் என்றாலே "ஓசியில் கொடுத்து நாட்டைக் கெடுக்கிறாங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதும் படித்தவர்கள் லவுஞ்ச் வாசலில் இருபது பேருக்குப் பின்னால் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் ஓ.பி.க்கு மாசாமாசம் சுகர் மாத்திரை வாங்க வரும் அம்மாக்கள் பலர் அந்த பஸ்ஸில்தான் வருகிறார்கள். அதற்கு ஆகும் செலவு பட்ஜெட்டில் இருக்கிறது. சட்டசபையில் கேள்வி கேட்கலாம், நாமும் திட்டலாம். லவுஞ்ச் இலவசத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

இலவசம் தப்பே இல்லீங்க. யார் காசு என்று தெரியாத இலவசத்திடம்தான் ஜாக்கிரதையா இருக்கணும்.

சரி, இப்போ உடம்புக்கு வருவோம். இலவசம் என்றதும் முதலில் ஏமாறுவது வயிறுதான். "காசு கொடுத்தாச்சே, வசூல் பண்ணணும்" என்ற எண்ணத்தில், பசியே இல்லாதவர்கள்கூட இரண்டு தட்டு வாங்குகிறார்கள்.

விமானம் மேலே போனதும் கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல ஆகிவிடும். கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். வயிற்றுக்குள் இருக்கும் வாயு கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக உப்பும். பூரி, சன்னா, அதன் மேல் இரண்டு டம்ளர் கோலா அடித்துவிட்டு ஏறியவர் ஏன் நெளிகிறார் என்று இப்போ புரியும்.

கேபின் காற்றில் ஈரப்பதமும் குறைவு, பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. நம் நாட்டில் உள்நாட்டு விமானங்களுக்குள் மது கிடையாது என்பதால், லவுஞ்சிலேயே ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மது சிறுநீரைக் கூட்டும், உடம்பை வறட்டும். குறைந்த ஆக்சிஜனில் மதுவோடு தூங்குவது இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு நல்லதே இல்லை.

சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் கவனிங்க. தட்டு கைக்கு வந்த பிறகு மருந்து எடுங்க. ஊசி போட்டுவிட்டு வரிசையில் நிற்கும்போது போர்டிங் கால் வந்தால், சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுவீர்கள். அரை மணி நேரத்தில் சுகர் இறங்கி, வியர்த்துக் கொட்டும். மருந்தும் குளுக்கோஸும் எப்பவும் கைப்பையில் இருக்கட்டும்.

அப்போ லவுஞ்சுக்கு போகவே கூடாதா? தாராளமா போங்க. நானும் போவேன். ஆனால் இப்படி:

1) லவுஞ்சுக்காக மட்டும் கார்டு எடுக்காதீங்க. வருஷத்துக்கு எத்தனை முறை பறக்கிறோம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.

2) முழு பில்லையும் தேதிக்குள் கட்ட முடியாது என்றால் கார்டை உள்ளே வைத்துவிடுங்கள். மினிமம் டியூ கட்டினால் அபராதம் வராது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

3) ஏற்கனவே பாக்கி சேர்ந்துவிட்டதா? வெட்கப்படாமல் வீட்டில் சொல்லுங்க. குறைந்த வட்டிக் கடனுக்கு மாற்றி, ஒரு தேதி வைத்து முடிங்க.

4) லவுஞ்சில் பசித்தால் மட்டும் சாப்பிடுங்க. இட்லி, முட்டை, மோர், பழம் போதும்.

5) கார்டு இல்லாதவர்கள் காலி பாட்டிலோடு செக்யூரிட்டி தாண்டுங்க, உள்ளே குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் உடான் யாத்ரி கஃபே திறந்தார்கள். அங்கே டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். எந்த கார்டும் காட்ட வேண்டாம். எல்லா ஏர்போர்ட்டிலும் இது வரணும். உட்கார நல்ல இடம், சுத்தமான கழிவறை, கட்டுப்படியாகும் சாப்பாடு எல்லாம் பிரீமியம் ஆட்களுக்கு மட்டும் உரியது இல்லை.

உங்கள் வீட்டில் புதுசா வேலைக்குப் போன தம்பி, தங்கச்சி யாராவது இருந்தால் இதை அனுப்பி வைங்க. மால் வாசலில் டை கட்டிய ஒருத்தர் "லைஃப்டைம் ஃப்ரீ சார், லவுஞ்ச் உண்டு சார்" என்று அவர்களிடம் படிவத்தை நீட்டுவதற்கு முன்னால் அந்த 870 ரூபாய் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.