எண்ணெய்க்கு இரையாகும் வனங்கள்

மலாய் பாஷையில் ‘ஒராங்’ என்றால் மனிதன். ‘ஹுத்தான்’ என்றால் வனம். போர்னியோ, சுமத்ரா தீவுகளில் வாழும் பெரிய வாலில்லாக் குரங்கிற்கு ஒராங்குட்டான் என்ற பெயர் இவ்வாறே வந்தது. அந்த வனமனிதனுக்கு இன்று வனமே இல்லாமற் போய்க்கொண்டிருக்கிறது. இதற்குக் காரணமான வியாபாரத்தில் நமது தேசத்திற்கும் பெரும் பங்குண்டு என்பதை நம்மவர் பலர் அறியார்.

1999 முதல் 2015 வரை போர்னியோவில் மட்டும் 1,00,000-க்கு மேற்பட்ட ஒராங்குட்டான்கள் மறைந்துவிட்டதாக 2018-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். சுமத்ராவிலுள்ள தபனூலி வகை 2017-ல்தான் தனி இனமென்று அறியப்பட்டது. அதில் எஞ்சியிருப்பவை 800-க்கும் குறைவு. பெண் ஒராங்குட்டான் ஏழெட்டு வருஷங்களுக்கு ஒரு முறையே குட்டி ஈனும். ஆகவே, ஒரு நாளில் அழிவதை ஒரு தலைமுறையிலும் ஈடுசெய்ய முடியாது.

வேட்டையும் மரவெட்டும் இந்த அழிவிற்குக் காரணங்களே. ஆயினும் வனத்தைத் திரும்ப வளரவொட்டாமல் ஆக்கிரமித்துக்கொள்வது எண்ணெய்ப் பனைத் தோட்டம். 1911-ல் ஐரோப்பிய முதலாளிகள் சுமத்ராவில் இதை வியாபாரப் பயிராக்கினர். அன்னியர் ஆட்சி அகன்றது. அவர்கள் காட்டிய வழி மாத்திரம் அகலவில்லை. சுதந்திர சர்க்கார்களின் காலத்திலேயே தோட்டங்கள் பன்மடங்கு பெருகின.

அந்த எண்ணெயை வாங்குவோர் யார்? உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் தேசம் இந்தியாதான். சோப்பிலும் பிஸ்கோத்திலும் பலகாரக் கடை வாணலியிலும் அது இருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்காகச் சர்க்கார் ஸ்தாபனமே டெண்டர் கோரி அதை வாங்கி வருகிறது. 1986-ல் தொடங்கிய எண்ணெய் வித்து இயக்கத்தால், 1990-களின் ஆரம்பத்தில் நாம் எண்ணெயில் ஏறக்குறையச் சுயதேவைப் பூர்த்தி அடைந்திருந்தோம். 1994-ல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது. நமது கடலை விவசாயியும் செக்குத் தொழிலாளியும் நலிந்தனர். கடலுக்கப்பால் காடுகள் சாய்ந்தன.

பாமாயிலை அறவே பகிஷ்கரிக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஏழையின் அடுப்புக்கு மலிவான எண்ணெய் வேண்டும். ஒரு ஏக்கர் பனை தரும் எண்ணெயை வேறு வித்துக்களிலிருந்து பெற, பல ஏக்கர் நிலம் தேவை. இந்தோனேஷியாவில் லக்ஷக்கணக்கான சிறு விவசாயிகளும் இப்பயிரை நம்பியிருக்கின்றனர். அவர்களைப் பட்டினி போடுவது தர்மமாகாது.

ஆனால், நிபந்தனை விதிக்க நமக்கு உரிமையுண்டு. புதிதாக வனமழித்த நிலத்தின் எண்ணெயை வாங்கமாட்டோம் என்று நமது சர்க்கார்கள் டெண்டரிலேயே எழுதட்டும். ஐரோப்பிய யூனியன் 2023-ல் இத்தகைய சட்டம் இயற்றியது. அதன் அமல் இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. அவர்களை விட அதிகம் வாங்கும் நாம் வாய் திறந்தால், அதை அலட்சியம் செய்ய எந்தத் தோட்ட முதலாளிக்கும் துணிவு வராது.

நம் வீட்டிலும் எச்சரிக்கை தேவை. 2021-ல் மத்திய சர்க்கார் 11,040 கோடி ரூபாய்த் திட்டமொன்றில் எண்ணெய்ப் பனைச் சாகுபடியை, வடகிழக்கு மாகாணங்களுக்கு முக்கியத்துவம் தந்து, விஸ்தரிக்க முற்பட்டது. இந்தியாவின் வாலில்லாக் குரங்கான ஹூலக் கிப்பன் வாழ்வதும் அப்பிரதேசத்து வனங்களில்தான். தரிசிலும் பழைய வயலிலும் பனை நடுவதை யாரும் ஆட்சேபியார். வனத்தில் கோடரி விழுமானால், போர்னியோவின் கதை நமது மண்ணிலேயே நடந்தேறும்.

மலிவு என்பது நாம் கொடுக்கும் காசைப் பொறுத்தது. மீதி விலையை வேறு ஜீவன்கள் கொடுக்கின்றன. அந்தக் கணக்கை இனியும் பாராதிருப்பது சுதந்திர ஜனங்களுக்கு அழகல்ல.