பெறுமதியும் பேறும்

சென்னைப் புத்தொழில் நிறுவனங்களைப் பற்றிய செய்திகள் அண்மைக் காலத்தில் நம் நாட்டிலும் பெரிதும் வாசிக்கப்படுகின்றன. ஒரு நிறுவனம் இத்தனை கோடி டொலர் முதலீடு பெற்றது. மற்றொன்றின் பெறுமதி இவ்வளவாக உயர்ந்தது. ஊழியர் சிலர் ஒரே நாளிற் கோடீசுவரராயினர் என்றவாறு அவை அமைகின்றன. தமிழர் தொடங்கிய நிறுவனம் அமெரிக்கப் பங்குச்சந்தையில் ஏறியது என்று படிக்குந்தோறும் நம் மாணவர்க்கு உண்டாகும் உவகை இயல்பானதே. ஆயினும், இச்செய்திகளுக்கு எவ்வாறு பொருள் கொள்வது என்பதையும் அவர்க்குக் கற்பிக்கும் கடப்பாடு ஆசிரியர்க்கு உண்டு. ஏனெனில், இவற்றை நம்பித் தம் படிப்பையும் தொழிலையும் தெரிந்துகொள்ளும் இளைஞர் பலர்.

முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுக்களின் முகப்பில் மெய்க்கீர்த்தி இடம்பெறலாயிற்று. மன்னன் வென்ற நாடுகளும் பெற்ற சிறப்புக்களும் அதன்கண் கூறப்படும். தோற்ற போரை அதில் தேடிப் பயனில்லை. வரலாற்றாசிரியர் மெய்க்கீர்த்தியைத் தள்ளிவிடுவாரல்லர், அதனோடு நின்றுவிடுவாருமல்லர். எந்த நிலம் எவர்க்குக் கொடுக்கப்பட்டது, அதன் எல்லை யாது, இறை எவ்வளவு, கையொப்பமிட்டோர் யாவர் என்பன அதன் கீழ்ப் பகுதியிலேயே உள. அக்கால மக்களின் வாழ்வை நமக்கு அறிவிப்பது அப்பகுதியே. புத்தொழிற் செய்திகளையும் இம்முறையிற் படித்தல் தகும்.

முதற்கண், பெறுமதி என்னுஞ் சொல்லை நோக்குவோம். ஒரு நிறுவனத்தின் பத்தில் ஒரு பங்கை ஒரு முதலீட்டாளர் 10 கோடி டொலருக்கு வாங்கினால், அந்நிறுவனத்தின் பெறுமதி 100 கோடி டொலர் என்று எழுதப்படும். அஃது அதன் பெட்டியிலுள்ள பணமன்று, ஈட்டிய இலாபமுமன்று. வாங்கியவர் ஒருவர் ஒரு பங்குக்கு இசைந்த விலையை, விற்கப்படாத ஒன்பது பங்குகளுக்கும் ஏற்றிக் கூறும் கணக்கே அது. பங்குச்சந்தைக்கு வருமுன்னரே இவ்வாறு 100 கோடி டொலர் எய்திய நிறுவனத்துக்கு ‘யூனிக்கோர்ன்’ என்று 2013 இற் பெயரிட்டவர் எயிலீன் லீ என்னும் அமெரிக்க முதலீட்டாளர். ஒற்றைக்கொம்புடைய அக்கற்பனைக் குதிரையைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். பெயரைத் தெரிந்தெடுத்தவர் அரிதென்னும் பொருளையே கருதினார். படிப்போர் மற்றப் பொருளையும் மறவாதிருத்தல் நன்று.

இனி ஓர் எடுத்துக்காட்டு. 2010 ஆம் ஆண்டிற் சென்னையிலே கிரிஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி என்னும் இருவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். வாடிக்கையாளரின் முறையீடுகளைப் பெற்று விடையிறுக்க உதவும் மென்பொருளை அது செய்தது. மாத்ருபூதம் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தவர். மலைக்கோட்டைத் தாயுமானவரின் வடமொழிப் பெயரே அவர் பெயரில் விளங்குவது. ஃபிரெஷ்வேர்க்ஸ் எனப் பின்னர் பெயர் பெற்ற அந்நிறுவனம் 2018 இல் யூனிக்கோர்ன் வரிசையிற் சேர்ந்தது. 2021 செப்டெம்பர் 22 ஆம் நாள், பங்கொன்று 36 டொலராக நஸ்டாக் சந்தையில் ஏறி, 100 கோடி டொலருக்கு மேல் திரட்டியது. பங்குரிமை பெற்றிருந்த ஊழியருள் ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் ரூபாய்க் கணக்கிற் கோடீசுவரராயினர் என்றார் நிறுவனர். உழைத்தோர்க்கும் பங்களித்தமை பாராட்டற்பாலதே.

இது மெய்க்கீர்த்தி. இதன் கீழ்ப் பகுதியையும் வாசிப்போம். சந்தையில் ஏறியபோதே அதன் தலைமையகம் கலிபோர்னியாவிலுள்ள சான் மற்றேயோ நகரில் இருந்தது. அடுத்த ஆண்டிலே பங்கின் விலை, வெளியிட்ட விலையிற் பாதிக்கும் கீழாக இறங்கியது. 2024 மே மாதத்தில் நிறுவனர் தலைமை நிர்வாகப் பதவியை டெனிஸ் வுட்சைட் என்பவரிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு நவம்பரிலே, நூற்றுக்குப் பதின்மூன்று வீதமாக ஏறத்தாழ 660 ஊழியரை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதற்கு 40 கோடி டொலர் ஒதுக்கியதும் அதே வேளையில் வந்த அறிவிப்பே. அவ்வாறு வாங்கும்போது எஞ்சிய பங்குகளை உடையார் பயன் பெறுவர். இதில் சட்டத்துக்கு முரணானது எதுவுமில்லை. பங்குச்சந்தையில் ஏறிய நிறுவனம் பங்குடையார்க்கே முதற்கண் விடை கூறும். பங்குரிமையால் வளம் பெற்றோர் செய்தியைப் படித்து மகிழ்ந்த மாணவன், வேலையிழந்தோர் செய்தியையும் அதே கதையின் ஓர் அத்தியாயமாகப் படித்தல் வேண்டும்.

இதற்கு மாறான நெறியைக் கைக்கொண்டது சோஹோ நிறுவனம். 1996 இல் வேறொரு பெயரோடு தொடங்கிய அது, வெளியார் முதலீட்டை ஏலாது, தன் வருவாயைக் கொண்டே வளர்ந்தது. 2011 இல் தென்காசிக்கு அண்மையிலுள்ள மத்தளம்பாறையில் ஓர் அலுவலகம் அமைத்தது. நகரை நாடிச் செல்லாமலே நாட்டுப்புறத்து இளைஞர் மென்பொருட்டொழில் செய்யலாம் என்பதற்கு அது சான்றாயிற்று. எனினும், வெளியார் முதலை ஏற்றல் தீது, ஏலாமை நன்று என முடிவு கட்டுதல் பொருந்தாது. சந்தையில் ஏறாத நிறுவனம் காலாண்டுதோறும் தன் கணக்கைப் பொதுமக்கள்முன் வைக்கவேண்டியதில்லை. அதனைப் பற்றிய செய்திகளுட் பெரும்பகுதி அதன் தலைவர் வாய்மொழியாகவே வருதலின், அங்கும் விழிப்பு வேண்டும்.

அரட்டை என்னும் செய்தி பரிமாற்றச் செயலி இதற்குச் சான்று. வீண்பேச்சைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லொன்று இந்திய நாடெங்கும் வழங்கியதில் நமக்குப் பெருமையே. 2021 இல் வெளிவந்த அச்செயலியில், 2025 செப்டெம்பரிலே நாளொன்றுக்குச் சேர்வோர் தொகை மூன்றே நாளில் 3,000 இலிருந்து 350,000 ஆயிற்று என்றார் ஸ்ரீதர் வேம்பு. சேர்ந்தோர் தொகை வேறு, தங்கிப் பயன்படுத்துவோர் தொகை வேறு. சில வாரங்களின் பின் அவ்வேகம் தணிந்தது. ஆயினும் ஒன்றைச் சொல்லுதல் நியாயம். 70 கோடி டொலர்ச் செலவிற் சில்லுகள் செய்யக் கருதிய திட்டத்தை 2025 மே மாதத்தில் அந்நிறுவனம் கைவிட்டது. தொழில்நுட்ப வழியிலே போதிய நம்பிக்கை பிறக்கவில்லை என்று அவரே வெளிப்படையாகக் கூறினார். மெய்க்கீர்த்தியில் இத்தகைய வரி அரிது.

அங்ஙனமாயின், இத்தொழில்களால் ஒரு நிலப்பகுதி பெறும் நிலையான பேறு யாது? மாத்ருபூதம் தொழில் பயின்றது சோஹோவில். சார்ஜ்பீ என்னும் நிறுவனத்தை 2011 இல் தோற்றுவித்தோருட் சிலரும் அங்கிருந்து வந்தோரே. 2005 இல் ஒரு சில மாணாக்கரோடு சோஹோ தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பட்டமில்லா இளைஞரைத் தொழில் வல்லாராக்கியது. பங்கின் விலை ஏறும், இறங்கும். தலைமையகம் கடல் கடக்கும். ஒருவர்பாற் கற்றதை மற்றொருவர் கைக்கொண்டு புதியதொன்று தொடங்கும் இவ்வழிமுறை ஊரோடு தங்குகிறது. ஆசிரிய மாணாக்கர் பரம்பரையாலே தமிழ் காத்த நமக்கு இஃது அறியாததன்று.

யாழ்ப்பாணத்திலும் இம்முயற்சிக்கு வித்திடப்பட்டுளது. 2012 இல் தொடங்கிய ‘யாழ் கீக் சலஞ்ச்’ போட்டி அதற்கு ஓர் அடையாளம். இங்கிருந்தும் நாளை பெறுமதிச் செய்திகள் வரலாம். அப்பொழுது நம் மாணவர் வினவவேண்டியவை சில: முதலீட்டைத் தந்தவர் யார்? அவர் எதனை எதிர்பார்க்கின்றார்? இலாபம் சேரும் இடம் எது? ஆட்குறைப்பு நேரின் ஊழியர்க்கு வழி யாது? அங்குப் பயின்றோர் இங்கே புதியதொன்று தொடங்க இயலுமா? தமிழ்ப் பாடவேளையொன்றில் இத்தகைய செய்தியொன்றைக் கொடுத்து, கூறியது எது, கூறாது விட்டது எது என இரு பட்டியல் எழுதச் செய்யலாம். பொருளுணர்ந்து வாசித்தற்கு அது நல்ல பயிற்சி. தம் வாழ்க்கைத் தொழிலைத் தெரியும் வயதினர்க்கு அதனினும் மேலான காப்பு.